இணைப்பு பஸ் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்

1

ஜேர்மனியில் மார்கழி இருபத்தாறாம் திகதி விடுமுறை. கிறிஸ்மஸின் மறுநாளையும் இவர்கள் பெருநாளாகவே வைத்திருக்கிறார்கள். கடைகள் பூட்டு, தெருவில் ஆள் கிடையாது, பஸ்கள் மட்டும் ஓடும். பஸ் ஓடினால் அவற்றை மேய்க்கிறவனும் வேலைக்குப் போகத்தான் வேண்டும். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் அந்த நாளுக்கு ஆள் தேடுவதில்லை. "நிஸாமைப் போடு, அவனுக்குத்தான் கிறிஸ்மஸ் இல்லையே" என்று எழுதிவிடுவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒப்புக்கொள்வேன். அந்த நாளில் எனக்கு வீட்டில் இருக்க முடியாது என்பதை அவர்களுக்கு நான் சொன்னதில்லை. வீட்டில் இருந்தால் தொலைக்காட்சியில் கடலைக் காட்டுவார்கள்.

சுனாமி வந்து இது ஐந்தாவது வருடம். யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் மார்கழியும் இதுதான். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இரண்டையும் நான் விளக்கத் தேவையில்லை. என்னுடைய வேலையைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் குறிப்பின் தலைவலி அங்கிருந்துதான் தொடங்கியது.

இலங்கையின் கல்முனையில் நான் பஸ் ஓட்டினேன். இங்கே வந்தும் பஸ்தான் ஓட்டினேன். முதுகு சொல்வழி கேளாமல் போன பிறகு திரைகளுக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட்டார்கள். எங்களுடையது சின்ன நகரம். பெரிய நகரத்திலிருந்து மணிக்கொரு ரயில் வரும். நிலைய முற்றத்தில் சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் பஸ்கள் நிற்கும். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் ஓடிவந்து பஸ்ஸில் ஏறுவார்கள். எல்லாம் நேரத்துக்கு நடந்தால் எனக்குச் சம்பளமே தண்டம். ரயில் சுணங்கும்போதுதான் என்னைக் கேட்பார்கள்: பஸ்ஸை நிறுத்தி வைப்பதா, விடுவதா?

நிறுத்தினால் பஸ்ஸுக்குள் ஏற்கனவே இருப்பவர்களுக்குச் சுணக்கம். அந்தப் பஸ்ஸை நம்பி அடுத்த சந்தியில் நிற்பவர்களுக்கும் சுணக்கம். விட்டால், ரயிலில் வருகிறவர்கள் அடுத்த பஸ் வரும்வரை குளிரில் நிற்க வேண்டும். இதில் பெரிய சோதனை என்னவென்றால், ரயில் எப்போது வரும் என்று ரயில்காரனுக்கே தெரியாது. முதலில் கொஞ்சம் என்பான். பிறகு இன்னும் கொஞ்சம் என்பான். இவ்வளவு நேரம் நிறுத்தியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் நிறுத்துவோமே என்று நானும் இழுபடுவேன். கடைசியில் ரயிலும் வராமல், பஸ்ஸும் போகாமல், எல்லோரிடமும் பேச்சு வாங்குவேன்.

இந்தச் சங்கடத்துக்கு மருந்தாக ஒரு கணினி நிரலைப் பரீட்சித்துப் பார்க்கிறோம். பல்கலைக்கழகத்திலிருந்து கத்ரின் என்ற பெண் வந்து என் பக்கத்தில் இருக்கிறாள். கெட்டிக்காரி, பொறுமைசாலியும்கூட. வரப்போவது தெரியாமல், வந்த செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தந்தக் கணத்தில் முடிவெடுப்பதற்குக் கணக்குப் பாடத்தில் 'ஒன்லைன்' என்று பெயராம். நிரலின் யோசனை எளியது. நிற்பவர்கள் இழந்த நேரம், தவறவிடப் போகிறவர்கள் இழக்கப்போகும் நேரத்துக்குச் சமமாகும்வரை பஸ் நிற்கும். அந்தப் புள்ளி வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடும். அப்படிச் செய்தால், எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்த ஒருவன் படுகிற நட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எங்கள் நட்டம் ஒருபோதும் போகாது என்றாள்.

"எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்தவன் யார்?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறோம்" என்று சிரித்தாள்.

அப்படி ஒருவன் இருக்கிறான், அவன் அல்லாஹ் ஒருவன்தான் என்று சொல்ல வாய் வந்தது. அவளுக்கு என் ஜேர்மன் மொழியே போதிய சோதனை என்று விட்டுவிட்டேன்.

அந்த இருபத்தாறாம் திகதி பனி கொட்டியது. மத்தியான ரயில் சுணங்கியது. பஸ்கள் நின்றன. திரையில் 'விடு' என்று வந்தது. எனக்கு மனமில்லை, ஆனால் பரீட்சை என்றால் பரீட்சைதான். விட்டேன். கடைசிப் பஸ் முற்றத்தை விட்டுத் திரும்பும்போதே ரயில் வந்து நின்றது. ஆட்கள் ஓடிவந்தார்கள். தோளில் ஒரு பிள்ளையும் கையில் பெட்டியுமாக ஒரு பெண் முற்றத்தின் நடுவில் வந்து நின்று, பஸ் போன பக்கத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுதான் ஆக மோசமான நிலை. இதையும் சேர்த்துத்தான் இரண்டு மடங்கு என்று சொன்னேன்" என்றாள் கத்ரின்.

அந்தப் பெண்ணுக்கு அதை யார் சொல்வது? அடுத்த பஸ் வரும்வரை அந்தக் கமராவை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. அதற்குக் காரணம் பஸ் இல்லை. என் தங்கச்சி ஜெஸீலா.

2

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன், எங்கள் பக்கத்தில் பஸ் எப்படி நிற்கும் என்று சொல்லிவிடுகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் வாசிக்கக்கூடும்.

கல்முனை – மட்டக்களப்புப் பாதையில் நான் ஓட்டிய காலத்தில் பஸ் எதற்கும் நிற்கும். ஒழுங்கைக்குள்ளிருந்து ஒரு கை ஆடினால் நிற்கும். மாமியார் சேலை மாற்றுகிறா, கொஞ்சம் பொறுங்கள் என்று மருமகள் வந்து சொன்னால், ஏசிக்கொண்டே நிற்கும். என்னுடன் கொண்டக்டராக இருந்த சிவபாலன் காரைதீவுக்காரன். பயணிகளின் வாயை அடக்குவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. "அவசரமெண்டா நேத்தே வெளிக்கிட்டிருக்கோணும் அண்ணே" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவான்.

யுத்த காலத்தில் நிற்பதற்கு வேறொரு காரணம் வந்தது. வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. பஸ் முன்னால் போய் நிற்கும். சனம் எல்லாம் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து அந்தப் பக்கம் வந்து மறுபடி ஏற வேண்டும். சில நாட்களில் ஒருவர் வரமாட்டார். பிடித்து வைத்திருப்பார்கள். அநேகமாகத் தமிழ்ப் பெடியனாக இருக்கும்.

அப்போது விடுவதா, நிற்பதா? பஸ்ஸுக்குள் எங்கள் முஸ்லிம் ஆட்களும் இருப்பார்கள், தமிழ் ஆட்களும் இருப்பார்கள். ஜும்மாவுக்குப் போக வேண்டியவர் முணுமுணுப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கெஞ்சுவார். எல்லோருக்கும் பயம்தான், அதை மறைக்க எனக்கும் கோபம் வரும். ஆனால் சிவபாலன் பெல் அடிக்க மாட்டான். மிதிபலகையில் நின்றுகொண்டு சாவடியையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"நம்ம போனா அந்தப் பெடியன் தனிய. நம்ம நிண்டா, கேக்குறதுக்கு ஒரு பஸ் சனம் இரிக்கெண்டு அவனுகளுக்குத் தெரியும்" என்பான்.

அநேகமாக விட்டுவிடுவார்கள். வராமல் போனவர்களும் உண்டு. அந்த நிற்றலை எந்தக் கணக்கில் போடுவது என்று கத்ரினிடம் ஒருநாள் கேட்டேன். அவள் உண்மையாகவே யோசித்தாள். பேனையை உருட்டினாள். "பஸ் நிற்பதால் ரயில் சீக்கிரம் வரும் என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டாள். அப்படித்தான் சொல்கிறேன் என்றேன். அதற்கு அவர்களிடம் நிரல் இல்லையாம்.

3

ஜெஸீலாவைக் கட்டிய மாப்பிள்ளை அன்சார், சாரம் வியாபாரி. மருதமுனையில் நெய்த, ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரங்களை மூட்டை கட்டி, சமாதான காலத்தில் லொறியில் வன்னிக்குக் கொண்டுபோய் விற்பான். கலகலப்பான மனுசன். தொலைபேசியில் என்னுடன் பேசும்போது, "மச்சான், ஜேர்மனில சாரம் உடுத்துற சனம் இல்லியா? சொல்லுங்க, லொறிய அங்கால திருப்புறன்" என்பான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழியில் அவன் முல்லைத்தீவில் இருந்தான். கூடப்போன லொறிக்காரர் சனிக்கிழமையே வவுனியாவுக்குத் திரும்பிவிட்டார். மிச்ச சாரத்தை விற்றுவிட்டு வருகிறேன் என்று அன்சார் நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. அவன் சனி பின்னேரமே உள்ளுக்குப் புதுக்குடியிருப்புக்குப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். இல்லை, கடற்கரைச் சந்தையில்தான் படுத்திருந்தான் என்றார் இன்னொருவர். அடக்க ஒரு மையத்தும் கிடைக்கவில்லை, ஆளும் வரவில்லை.

அதே காலையில் கல்முனைக்குடியில் எங்கள் வாப்பாவைக் கடல் கொண்டுபோனது. அவருடைய மையத்து கிடைத்தது, அன்று பின்னேரமே அடக்கிவிட்டார்கள். உம்மா அதற்கு முன்பே மௌத்தாகியிருந்தார். ஜெஸீலா சனத்தோடு சனமாக வயலுக்குள்ளால் ஓடி, மாவடிப்பள்ளியில் யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கித் தப்பினாள். பிள்ளைகள் இல்லை. வீடும் இல்லை. எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான் மிச்சம். நான் இருந்ததோ இங்கே.

புது வீட்டுத்திட்டத்தில் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தபோது அரசாங்கக் கந்தோரில் நடந்த கதையைக் கேளுங்கள். மாப்பிள்ளை மௌத்து என்று பதிந்துவிட்டு வா, இல்லாவிட்டால் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து கையொப்பம் வை என்றாராம் ஒரு ஐயா. "அவர் வந்தா நான் ஏன் சேர் தனியா வந்து நிக்கிறன்?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர், அது உங்கள் குடும்ப விஷயம் என்றாராம். இங்கே எனக்குப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் வாப்பாவின் மௌத்துச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னவளும் இதே குரலில்தான் பேசினாள். கந்தோர்களுக்குள்ளே ஏதோ ஒரு இரகசிய உறவு இருக்கிறது.

பிறகு வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள், மறுபடி சண்டை. போனவர் போனவர்தான் என்று ஊரில் முடிவுகட்டிவிட்டார்கள். ஸலீம் மாஸ்டர் பெண் கேட்டு வந்தது அப்போதுதான். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். அவருடைய மனைவியும் அலையில் போனவர், அவவின் மையத்தும் கிடைக்கவில்லை. நிதானமான மனிதர். ஜெஸீலா நீண்ட காலம் தலையாட்டவில்லை. பிறகு ஒருநாள், "சரி காக்கா" என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். எங்கள் கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியார் விசாரித்து, மாப்பிள்ளை காணாமல் போய் இவ்வளவு காலமாகிவிட்டது என்று பிரித்து எழுதிக்கொடுத்தார். மறுமணத்துக்கு முன் ஒதுங்கியிருக்க வேண்டிய இத்தாவும் இருந்து முடித்தாள். பெருநாளைக்குப் பிறகு நிக்காஹ் என்று பேச்சு.

அதற்குள் வைகாசியில் யுத்தம் முடிந்தது. வன்னிச் சனம் எல்லாம் வவுனியா முகாம்களுக்கு வந்தது. செத்தான் என்று எழுதப்பட்டவர்கள் கம்பிக்குப் பின்னால் உயிரோடு நிற்பதாகக் கதை வரத்தொடங்கியது. ஜெஸீலா ஒற்றைக்காலில் நின்றாள்.

"பொறுங்க காக்கா. பாதை துறந்திட்டான். கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

பொறுத்தோம். ஒரு கதை வரும், அது பொய்யாகும். அடுத்த கதை வரும். ஒவ்வொரு கதையும் தவணையைத் தள்ளிக்கொண்டே போனது. ஸலீம் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய ஆட்கள் சொன்னார்கள். மார்கழி முடிவதற்குள் ஒரு சொல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று எனக்கே தொலைபேசி எடுத்துப் பேசினார்கள். ஏன் எனக்கு? ஏனென்றால் நான்தான் அவளுக்கு வலிகாரர். எங்கள் மார்க்கத்தில் பெண்ணுக்காக நின்று சம்மதம் சொல்லவேண்டிய ஆண். வாப்பா இல்லாவிட்டால் மூத்த சகோதரன்.

அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் நான் இருபத்தாறாம் திகதி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டால், மறுநாளே அன்சார் வந்து நின்றால்? சொல்லாமல் இருந்தால், அவளுடைய மிச்சக் காலம்?

4

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து என் மனைவி பௌசியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பேசுவதற்குள் எங்கள் மகள் ஹனா குறுக்கே விழுந்தாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் அவளுக்கு என்னோடு சண்டை பிடிக்க மட்டும் தேவைப்படும் பாஷை.

"மாமி பெரிய ஆள்தானே? ஏன் உங்கட பெர்மிஷன் வேணும்?"

"அது அப்படித்தான் மகள். மார்க்கம்."

"நீங்க மாமிட்ட கேட்டீங்களா, அவக்கு என்ன வேணுமெண்டு?"

"கேட்டுத்தானே இவ்வளவும்."

"இல்ல. நீங்க வெயிட் பண்றதா, வேணாமா எண்டு மட்டும்தான் கேட்டீங்க" என்றாள். மிச்சத்தை ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. பௌசியா தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஜெஸீலாவைத் தொலைபேசியில் எடுத்தேன். நான் கேட்பதற்கு முன் அவளே தொடங்கினாள்.

"காக்கா, சிவபாலன் அண்ணன் வந்துட்டுப் போனாரு."

என் பழைய கொண்டக்டர்தான். அவனுடைய மச்சாள் வன்னியில் கலியாணம் கட்டிக் குடும்பத்தோடு அங்கே இருந்தவள். அவர்களைப் பார்க்க வவுனியா முகாமுக்குப் போயிருக்கிறான்.

"அங்க ஒரு ஆள் இரிக்காராம். கதை பேச்செல்லாம் நம்மட பக்கமாம். தலையில காயம், பேரு ஊரு சொல்ல ஏலாதாம். ஆக்கள் அவர 'சாரக்காரன்' எண்டுதான் கூப்பிடுறாங்களாம்."

"சிவபாலன் ஆளைக் கண்டானா?"

"இல்ல, கேள்விப்பட்டதுதான். அவர் சும்மா கதை காவுற ஆளில்லதானே காக்கா."

இல்லைதான். அதுதான் என்னைக் கலக்கியது. அவளுடைய குரலில் நான் வருடக்கணக்காகக் கேட்காத ஒரு துடிப்பு இருந்தது. எனக்கு அன்சாரைப் பிடிக்கும். இருந்தும் அந்தக் கணத்தில், யா அல்லாஹ், அது அவனாக இருக்கக்கூடாது என்று என் மனம் சொன்னது.

"நான் போகப்போறன்" என்றாள்.

"ஆரோட?"

"மாஸ்டர் வேன் புடிச்சிரிக்காரு."

உடனே ஸலீம் மாஸ்டரை எடுத்தேன். ஸலாம் சொல்லக்கூடப் பொறுமை இல்லை. "மாஸ்டர், ஒங்களுக்கென்ன பைத்தியமா? கலியாணம் முடிக்கப்போற புள்ளைய அவட மாப்பிள்ளையத் தேடக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றேன்.

அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "எங்கட மூத்த ராத்தாவும் வாறா, நான் முன்னுக்குத்தான் இரிப்பன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

"நான் அதக் கேக்கல்ல."

"தெரியும் காக்கா. வாசல் கேற்றடியிலயே காது வெச்சிக்கிட்டிரிக்கிற ஒரு ஆளோட எப்பிடிக் குடும்பம் நடத்துற? நானும் ரெண்டு வருசம் அப்பிடி இரிந்தவன்தான். ஒரு ஆஸ்பத்திரி மிச்சம் வெக்கல்ல. அது அவராத்தான் இரிந்தா, ரெண்டு பேரையும் அதே வேன்ல கூட்டிட்டு வந்து வீட்டுல எறக்கிடுவன்."

"பிறகு நீங்க?"

"பிறகு நான் பள்ளிக்கூடம் போவன்" என்றார்.

போய் வாருங்கள் என்றேன்.

அடுத்த இரண்டு நாளும் வேலையில் நான் ஒரு பயனும் இல்லாமல் இருந்தேன். ஒரு சாரதி வானொலியில், நிற்கட்டுமா என்று கேட்டான். "பொறு, பொறு" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவன் துருக்கிக்காரன். என் குரலிலேயே புரிந்துகொண்டு நின்றானாம். கத்ரின் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தங்கச்சியின் கதையைச் சொன்னேன். கணக்கில் விடை இருக்கும் என்று ஒரு நப்பாசை. அவள் திரையை அணைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, "இதற்கெல்லாம் அது இல்லை, நிஸாம்" என்று மெல்லச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

5

அது அன்சார் இல்லை.

இதை ஜெஸீலா அழாமல் சொன்னாள். அந்த மனிதர் வயதில் கூடியவர். முல்லைத்தீவுக் கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்ட மூதூர்க்காரர். கடைசிச் சண்டையில் தலையில் காயம். வேறு உடுப்புக் கேட்காமல் எந்நேரமும் சாரம் கேட்பாராம். அதனால்தான் அந்தப் பெயர்.

"என்னக் கண்டதும் எழும்பி வந்தாரு காக்கா. என்னத் தேடியா வந்தீங்க எண்டாரு. இல்லண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல."

"என்ன சொன்ன?"

"ஒங்கட வீட்டுக்குச் சொல்லுறன் எண்டன். வீடு எங்க எண்டு கேட்டா, பள்ளிவாசலையும் ஒரு கிணத்தையும் சொல்லுறாரு, பிறகு குழம்பிடுறாரு. திரும்பித் திரும்பி அந்தப் பள்ளிதான். அது மூதூர்ப் பள்ளி எண்டு மாஸ்டர் கண்டுபிடிச்சாரு."

ஸலீம் மாஸ்டர் வேனைத் திருகோணமலைப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறார். மூதூரில் பள்ளியடியில் விசாரித்து, பின்னேரத்துக்குள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கேற்றைத் திறந்தது ஒரு ஆண். அவனுக்குப் பின்னால் இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். அவள்தான் அந்த மனிதரின் மனைவி. ஆள் மௌத்தாகிவிட்டார் என்று நம்பி, காதியார் எழுதிக்கொடுத்து, எல்லாம் முறைப்படி நடந்து, மறுமுடிப்பு முடித்திருக்கிறாள். இடுப்பில் இருந்தது இந்த மாப்பிள்ளையின் குழந்தை.

"நீ சொல்லிட்டியா?"

"வாசல்ல நிண்டுட்டன் காக்கா. சொல்லாம வந்திரலாமா எண்டு இரிந்திச்சி. மாஸ்டர் என்ர முகத்தப் பாத்தாரு. பிறகு அங்க கம்பிக்குள்ள நிக்கிற மனுசன நெனச்சன். சொல்லிட்டன்."

அந்தப் பெண் குழந்தையோடு அப்படியே மண்ணில் இருந்துவிட்டாளாம். உள்ளேயிருந்து வந்த ஒரு கிழவி, ஆரு ஒங்கள இஞ்ச வந்து சொல்லச் சொன்ன என்று ஏசியிருக்கிறா. ஜெஸீலா ஏச்சைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த ஆண் உள்ளே போனானாம்.

"கதவப் பூட்டப்போறான் எண்டு நெனச்சன். சேட்டப் போட்டுக்கிட்டு வாறான், காக்கா. நான் போய்க் கூட்டிட்டு வாறன், எந்த முகாம் எண்டு கேக்கிறான். பொஞ்சாதியப் பாத்து, நீ எழும்பு, பிறகு என்ன செய்யிற எண்டு பாப்பம் எண்டான்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நல்லபடி முடிந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நல்லபடி முடிகிற வழி எனக்குத் தெரியவில்லை. ஜெஸீலா கண்டது வாசல்வரைதான்.

பிறகு அவள் சொன்னாள்.

"இவ்வளவு காலமும் நான் பயந்தது அந்த ஒண்டுக்குத்தான் காக்கா. முடிச்ச பிறகு வந்து கேற்றடியில நிண்டா எண்டு. அதக் கண்ணால கண்டுட்டன். பொல்லாததுதான். ஆனா ஒரு ஆள் சேட்டப் போட்டுக்கிட்டு வெளிக்கிட்டான். ஒலகம் நிக்கல்ல."

"அதுக்கு?"

"மாஸ்டரும் அப்பிடித்தான் வெளிக்கிடுவாரு. எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க காக்கா. நான் சரி."

பொறுப்பதா, வேண்டாமா என்று அவளை இத்தனை வருடம் கேட்டவன் நான். அன்று அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னேன்.

6

என் சார்பில் நிக்காஹ் செய்து கொடுக்க வக்காலத்துக் கடிதம் முதலே அனுப்பியிருந்தேன். ஆனாலும் பள்ளி இமாம், வலிகாரரின் வாயால் கேட்க வேண்டும், சாட்சிகளும் கேட்க வேண்டும் என்றார். அங்கே பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். இங்கே அது மத்தியானம். எனக்கு வேலை. இடைவேளையில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்படிக்கட்டுக்குப் போனேன். சிகரெட் குடிக்கிறவர்கள் ஒதுங்கும் இடம் அது.

இமாமிடம் முந்தின நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். "ஹஸரத், அன்சார் வந்தா?"

"காதியார் பிரிச்சி எழுதினா முடிஞ்சிது, மகன். வந்தாலும் அவருக்கு உரிமை இல்ல. நீங்க மார்க்கத்துக்கு மாறா ஒண்டும் செய்யல்ல."

உரிமையைப் பற்றி நான் கேட்கவில்லை. எதைப் பற்றிக் கேட்டேன் என்று எனக்கே சொல்லத் தெரியாததால் ஸலாம் சொல்லி வைத்துவிட்டேன்.

அழைப்பு வந்தது. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். சபையின் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ கதிரையை இழுக்கும் சத்தம், எல்லாம் கேட்டன. இமாம் சொன்னார், நான் சொல்லவேண்டியது இதுதான்: என் தங்கச்சி ஜெஸீலாவை ஸலீமுக்கு நிக்காஹ் செய்து கொடுக்க உங்களுக்கு நான் வக்காலத்துத் தருகிறேன்.

"என் தங்கச்சி ஜெஸீலாவை" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை.

இதைச் சொல்லாதவரைக்கும் அன்சார் வரவேண்டிய ஆள். சொல்லிவிட்டால் வரக்கூடாத ஆள். ஒரு மனிதனை அப்படி மாற்றுகிற வசனத்தை என்னிடம் ஏன் கொடுத்தார்கள்? எனக்கு அழுகை வந்தது. படிக்கட்டின் கீழே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு சாரதிகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஹலோ? லைன் கட்டாகிட்டா?" என்றார் இமாம்.

"கட்டாகல்ல, மூச்சுச் சத்தம் கேக்குது" என்றது இன்னொரு குரல். சபையில் முணுமுணுப்புப் பரவியது. பெண்கள் உள் அறையில்தான் இருப்பார்கள். அந்த அறையிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, ஜெஸீலாவின் குரல் வந்தது.

"காக்கா, ஆறுதலாச் சொல்லுங்க. நாங்க இரிக்கம்."

ஸலீம் மாஸ்டரும் இமாமும் சாட்சிகளும், பந்திக்கு வந்திருந்த அத்தனை சனமும், ஒரு படிக்கட்டில் நின்று அழுகிற ஒருவனுக்காகக் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சொல்லி முடித்தேன். பாத்திஹா ஓதினார்கள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு என் கதிரைக்குத் திரும்பினேன். கத்ரின் ஒரு சொக்கலேட்டை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

ஜெஸீலா இப்போது நன்றாக இருக்கிறாள். குரலிலேயே தெரிகிறது. என்னுடன் பேசும்போது அன்சாரின் பெயரை அவள் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஆனால் தெரியாத இலங்கை இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால், முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அநேகமாகப் பிழையான இலக்கமாக இருக்கும். மறுபக்கத்துக் குரல் யாருடையது என்று தெரியும்வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை. தொழுதுவிட்டுக் கையேந்தினால், அவனைக் கொண்டுவா என்று கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. கொண்டுவராதே என்று கேட்கவும் எழும்பவில்லை. அன்சார் என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு, கையை முகத்தில் தடவிக்கொண்டு எழும்புகிறேன்.